கடலுக்குப் போன தண்ணீரின் கணக்கு

மழைக்காலத்தில் மூலத்தரை ரெகுலேட்டரின் ஷட்டர்களைத் தாண்டிச் சித்தூர்ப் புழை கரைதொட்டு ஓடும் நாட்களில் பெருமாட்டிப் பக்கம் ஒரு பேச்சு தவறாமல் எழும்: இவ்வளவு தண்ணீரும் பொன்னானி போய் வீணாகக் கடலில் கலக்கிறதே! எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரத்திலும் இதே பேச்சுதான். பாண்டியாறு–புன்னம்புழைத் திட்டம் பேசப்படும் மேடைகளிலும், பம்பை–அச்சன்கோவில்–வைப்பாறு இணைப்பு பேசப்படும் மேடைகளிலும் அரபிக்கடல் ஒரு களவாளியாகவே வந்து போகிறது. தண்ணீர்ப் பங்கீட்டில் எதிலும் ஒத்துப்போகாத இரு மாநிலத்தாரும் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்.

பேச்சுக்குப் பின்னால் இருக்கும் தவிப்பு உண்மையானது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் கிடக்கும் சித்தூர் வட்டம், வெளியூர்க்காரர்கள் மனத்தில் வைத்திருக்கும் மழைக் கேரளம் அல்ல. 1970 மே 29 அன்று கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வந்து சேர வேண்டும். அது வரும் நாளையும் வராத நாளையும் எண்ணியே இங்கே நடவு நடக்கிறது. கொக்ககோலா ஆலையால் பிளாச்சிமடையின் கிணறுகள் பட்ட பாட்டை உலகமே அறியும். இப்படிப்பட்ட ஊரில் ஓடும் நீரைப் பார்த்து நெஞ்சு பதறுவதில் தவறில்லை.

ஆனால் அந்தப் பதற்றத்திலிருந்து பிறந்த கூற்று தவறு. அது தவறு என்று சொல்ல முன்பெல்லாம் கடலோர மக்களின் அனுபவமும் சில கப்பல் ஆய்வுகளுமே கையில் இருந்தன. இன்று 700 கி.மீ.-க்கும் மேலான உயரத்தில் சுற்றிவரும் நம் செயற்கைக்கோள்கள் இரண்டு நாளுக்கு ஒருமுறை அதே கடலைப் பார்க்கின்றன. அவை காட்டுவதையும், அவற்றால் காட்ட முடியாததையும் சேர்த்து வைத்து, இந்தக் கூற்றின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

கடலில் சேர்ந்ததும் ஆற்றின் வேலை முடிந்துவிட்டது என்பது முதல் வாதம். வரைபடத்தில் ஆற்றின் நீலக்கோடு கரையோடு நின்றுவிடுவதால் நம் மனத்திலும் அங்கேயே நின்றுவிடுகிறது. பாரதப்புழை 209 கி.மீ. நீளமுள்ள ஆறு. அதன் வடிநிலப் பரப்பு 6,186 சதுர கி.மீ.; அதில் 1,786 சதுர கி.மீ. தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனைமலைச் சரிவிலிருந்து ஆழியாறாக இறங்கி, இங்கே சித்தூர்ப் புழையாகி, பாரதப்புழையில் கலந்து, பொன்னானிக்கும் படிஞ்ஞாறேக்கரைக்கும் நடுவே கடலைத் தொடுகிறது. மழை ஓய்ந்து வானம் திறக்கும் நாட்களில் ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்–2 எடுத்த படங்களைப் பார்த்தால், ஆறு கரையோடு நிற்பதில்லை என்பது கண்ணுக்கே தெரியும். பழுப்புக் கலங்கலாகக் கடலுக்குள் விரிந்து, நீரோட்டம் இழுக்கும் திசையில் வளைந்து, ஓரத்தில் மெல்லப் பச்சையாகி, அதற்கப்பால்தான் நீலத்தில் கரைகிறது. அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டர்.

நிறத்தை வைத்து என்ன தெரிந்துகொள்ள முடியும் என்று கேட்கலாம். வெயில் நீருக்குள் இறங்கும். ஒரு பகுதி சிதறி மேலே திரும்பும். நீரில் மிதக்கும் நுண்பாசியின் பச்சையம் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பாசி மிகுந்த நீரிலிருந்து நீலம் குறைவாகவும் பச்சை கூடுதலாகவும் திரும்பி வரும். மண் கலங்கிய நீர் சிவப்பையும் அதற்கு அடுத்த அகச்சிவப்பையும் கூடுதலாகத் திருப்பும். காட்டு இலையும் வயல் மட்கும் ஊறிய நீர் நீலத்தைத் தின்று மஞ்சளாகத் தெரியும். இந்த அலைவரிசைகளைத் தனித்தனியாக அளந்து, ஒன்றுக்கொன்று வகுத்துப் பார்த்தால் ஒரு கன மீட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் பச்சையம் இருக்கிறது என்று கணிக்கலாம். 1978-இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் நிம்பஸ்–7 இதை முதலில் செய்துகாட்டியது. 1999 மே 26 அன்று பி.எஸ்.எல்.வி.–சி2 ஏற்றிச்சென்ற ஓசன்சாட்–1, எட்டு அலைவரிசைகளில், 360 மீட்டர் நுணுக்கத்தில் நம் கரைகளைப் பார்க்கத் தொடங்கியது. 2009-இல் ஓசன்சாட்–2, 2022 நவம்பர் 26-இல் பதின்மூன்று அலைவரிசைகளோடு மூன்றாவது. கால் நூற்றாண்டாக நாமே நம் கடலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதில் ஆறுகளின் கைரேகை கிடக்கிறது. நம் தண்ணீர் விவாதங்களில் அந்தப் படங்களில் ஒன்றுகூட மேசைக்கு வந்ததில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

அடுத்த வாதம், கடல் அவ்வளவு பெரிது, அதில் ஒரு பாரதப்புழை சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன என்பது. கடலின் மொத்த நீரை வைத்துப் பார்த்தால் பாரதப்புழையின் தண்ணீர் ஒன்றுமேயில்லை. ஆனால் மீனும் இறாலும் மனிதனும் மொத்தக் கடலில் வாழ்வதில்லை. பெரும்பாலும் கரையை ஒட்டிய கண்டத்திட்டின் ஆழம் குறைந்த விளிம்பில்தான் வாழ்கிறோம். அங்கே நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் மேலே மிதந்து, மெல்லிய படலமாக வெகுதூரம் விரிகிறது. அளவில் சிறியதென்றாலும் இருக்குமிடத்தால் பெரிய வேலை செய்கிறது.

இதற்கு மிகப் பெரிய சான்று நம் நாட்டைச் சுற்றியே இருக்கிறது. வங்கக்கடலில் கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி எல்லாம் கொட்டும் மழைநீர் அங்கேயே கரைந்து காணாமல் போவதில்லை. மழைக்காலம் முடிந்ததும் கிழக்குக் கரையை ஒட்டி, சுமார் 100 கி.மீ. அகலமுள்ள உப்புக் குறைந்த பட்டையாகத் தெற்கு நோக்கி இறங்குகிறது. கடலுக்குள் ஓடும் ஓர் ஆறு என்றே ஆய்வாளர்கள் அதைச் சொன்னார்கள். அதில் ஒரு பகுதி இலங்கையைச் சுற்றிக்கொண்டு, குளிர்காலத்து நீரோட்டத்தோடு தென்கிழக்கு அரபிக்கடலுக்கு, அதாவது நம் கேரளக் கரைக்கும் லட்சத்தீவுக்கும் இடைப்பட்ட கடலுக்கு வருகிறது. மேலே உப்புக் குறைந்த படலம் படிந்துவிடுவதால் கீழ்நீர் எளிதில் கலப்பதில்லை. கோடை வெயிலின் சூடு மேற்பரப்பிலேயே தங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பகுதி உலகக் கடல்களிலேயே மிகச் சூடான இடங்களில் ஒன்றாகிவிடும். தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தோடு அந்த வெப்பக் குளத்தை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். ஆனைமலையில் இறங்கி ஆழியாற்றை நிரப்பும் மழையின் முன்கதையில், வடக்கே எங்கோ கடலில் கலந்த ஆற்றுநீருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று இதைப் படித்தபோது பல நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடலாற்றை முழுமையாகப் பிடித்தது எது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்மாஸ், அக்வேரியஸ், ஸ்மாப் ஆகிய செயற்கைக்கோள்கள் 2009-க்குப் பிறகு கடலின் உப்பை வானிலிருந்தே அளந்து வந்திருக்கின்றன. ஆனால் அவற்றின் ஒரு புள்ளி சுமார் 40 கி.மீ. அல்லது அதற்கும் மேல் அகலம். கரைக்கு அருகே நிலத்தின் கதிர்வீச்சும் கலந்துவிடுவதால் அளவு பிசகிவிடும். அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் கிழக்குக் கரை மீனவர்கள். தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் ஏற்பாட்டில், ஐந்து நாளுக்கு ஒருமுறை தத்தம் ஊர்க் கடலில் நீர் மொண்டு கொடுத்தார்கள். பல ஆண்டுகள் சேர்ந்த அந்தக் குப்பிகளிலிருந்துதான் 2014-இல் வெளியான ஆய்வு அந்த ஆற்றின் முழு ஓட்டத்தையும் வரைந்தது.

மூன்றாவது வாதம்தான் வலுவானது. அதை நேர்மையாகச் சந்திக்காமல் மறுப்பு எழுதுவதில் பயனில்லை. கேரளக் கடலுக்கு உணவு ஊட்டுவது ஆறு அல்ல, ஆழத்திலிருந்து மேலெழும் நீர். ஆகவே ஆற்றைத் தடுத்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள், கடல் நூல்களைக் கொஞ்சம் படித்தவர்கள். இதன் முற்பாதி சரி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குக் கரையில் மேல்நீர் கரையைவிட்டு விலக, அடியிலிருந்து குளிர்ந்த நீர் எழுகிறது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா எல்லாம் அதில் நிறைந்திருக்கும். மேகம் விலகும் இடைவெளிகளில் எடுத்த செயற்கைக்கோளின் வெப்பப் படத்தில் கரையை ஒட்டிக் குளிர்ப் பட்டை ஒன்று தெளிவாகத் தெரியும். நிறப் படத்தில் அதே இடத்தில் பச்சையம் பெருகியிருக்கும். மத்தி மீனின் வாழ்க்கைச் சுழற்சி இந்தப் பெருக்கத்தோடுதான் பிணைந்திருக்கிறது. கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கரையேறியது. 2021-இல் சில ஆயிரம் டன்னாகச் சுருங்கியது என்கிறது கொச்சியிலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம். அந்த வீழ்ச்சியைப் பாரதப்புழையின் தலையில் யாராவது கட்டினால் நானே மறுப்பேன். கடல்நீரின் வெப்பம், எல் நினோ, குஞ்சு மீனையும் விடாமல் அள்ளியது எனப் பல காரணங்கள் அங்கே பேசப்படுகின்றன.

பிற்பாதி தவறு. கடலடி நீர் கொண்டுவருவது உரம். உரம் மட்டும் போதுமென்றால் கடலோரம் முழுவதும் ஒரே மாதிரி இருந்திருக்கும். நாரன் என்று மலையாளத்திலும் வெள்ளை இறால் என்று தமிழிலும் சொல்லும் இறால் கடலில் முட்டையிடும். அதன் இளங்குஞ்சுகள் கழிமுகத்துக்குள் நுழைந்து, உப்புக் குறைந்த நீரில் சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். அந்த உப்புக் குறைவை ஆழ்கடல் நீர் தர முடியாது, அதுவே உப்புநீர். ஆறு மட்டுமே தர முடியும். கடலும் ஆறும் சந்திக்கும் இடத்தை மனிதன் தன் வசதிக்குத் திறந்து மூடினால் என்னவாகும் என்பதற்கு வேம்பநாட்டுக் காயல் ஐம்பது ஆண்டுப் பாடம். குட்டநாட்டு நெல்லுக்காக 1970-களில் கட்டிய தண்ணீர்முக்கம் தடுப்பணை உப்பைத் தடுத்தது. கூடவே இறாலின் வழியையும் மறித்தது. தெற்குப் பகுதியில் ஆகாயத்தாமரை மண்டியது. அங்கே தடுக்கப்பட்டது கடல்நீர், நம் பேச்சில் தடுக்கப்பட வேண்டியது ஆற்றுநீர். ஆனால் இரண்டிலும் அழிவது ஒன்றுதான்: கலக்கும் இடம்.

அடிநீர் எழுச்சியைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அந்த நீர் உரத்தோடு ஆக்சிஜன் பஞ்சத்தையும் சுமந்து வருகிறது. மழைக்காலத்தின் பிற்பகுதியில் மேற்குக் கரைக் கண்டத்திட்டின் அடிநீரில் ஆக்சிஜன் மிகவும் தாழ்ந்துபோவதைக் கோவாவின் கடலாய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டிலேயே விரிவாகப் பதிவுசெய்தார்கள். அப்போது மேலே நன்னீர்ப் படலமும் படிந்திருந்தால் காற்று கீழே இறங்குவது இன்னும் குறையும். ஆகவே ஆறு எப்போதும் நல்லதே செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆறு அங்கே நடக்கும் காரியங்களில் ஒரு பங்காளி. அதைக் கணக்கிலிருந்து நீக்கினால் கணக்கு தப்பும் என்கிறேன்.

கணக்கு எப்படித் தப்பும் என்பதை எகிப்து காட்டியது. 1960-களின் நடுவில் அஸ்வான் பேரணை நைல் வெள்ளத்தை நிறுத்தியதும், கழிமுகக் கடலில் 1962-இல் சுமார் 18,000 டன் கிடைத்த சாளை மீன் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆயிரம் டன்னுக்கும் கீழே விழுந்தது. மத்தியதரைக் கடலின் அந்தப் பகுதி இயல்பிலேயே சத்துக் குறைந்தது. அடிநீர் எழுச்சியும் நம்முடையதைப் போல இல்லை. அதனால் அங்கே அடி பலமாக விழுந்தது. நம் கரையில் அதே அளவு விழும் என்று சொல்வதற்கில்லை. நான் சுட்டுவது வேறொன்றை. அப்போது கடலின் நிறத்தை அளக்கும் செயற்கைக்கோள் ஒன்றுகூட வானில் இல்லை. அணைக்கு முன் கடல் எப்படியிருந்தது என்ற படம் உலகத்திடமே கிடையாது. நம்மிடம் 1999 முதல் படம் இருக்கிறது. தெரியாமல் செய்தோம் என்று சொல்லும் வாய்ப்பு நமக்கு இல்லை.

சரி, கோடையில் கொஞ்சம் விடுவோம், மழைக்கால வெள்ளத்தை மட்டும் முழுவதுமாகத் தேக்கிக்கொள்வோம், வெள்ளம் யாருக்கு உதவும்? இது நான்காவது வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் ஆறு மணலையும் வண்டலையும் பெரும்பாலும் வெள்ளத்தில்தான் நகர்த்துகிறது. ஆண்டில் சில வாரங்களே கடற்கரைக்கு மணல் போய்ச் சேரும் காலம். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளம் வடிந்த பிறகு பொன்னானி முகத்துவாரத்தில் கடலுக்குள் நீண்ட மணல்திட்டு ஒன்று எழுந்தது. கூட்டம் கூட்டமாக மக்கள் அதில் நடந்து போனார்கள். புழை தன் வேலையை மறக்கவில்லை என்று அந்தத் திட்டு காட்டியது.

அந்த வேலை தடைப்பட்டால் என்னவாகும் என்பதற்கும் வானிலிருந்து எடுத்த அளவு இருக்கிறது. சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து இந்தியாவின் கரைக்கோடு எங்கே நகர்ந்தது என்று பார்த்தது. நாட்டின் நிலப்பகுதிக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு ஆளாகியிருந்தது. கேரளத்தில் அது 46 சதவீதத்தைத் தாண்டியது. தமிழ்நாட்டில் 40 சதவீதத்துக்கும் மேல். பொன்னானிக்குத் தெற்கே வெளியங்கோடு, பாலப்பெட்டிப் பகுதிகளில் மழைக்காலம்தோறும் கடல் வீடுகளுக்குள் வருகிறது. துறைமுகத் தடுப்புச் சுவர், கடற்சுவர், ஆற்றில் பல்லாண்டு நடந்த மணல் கொள்ளை, மேலே இருக்கும் அணைகள் என்று எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. படம் கரை நகர்ந்ததைச் சொல்லும். யாரால் நகர்ந்தது என்று பங்கு பிரித்துச் சொல்லாது. ஆனால் வெள்ளத்தையும் முழுக்கத் தேக்கலாம் என்பவர்கள் அந்த வீடுகளின் கணக்கையும் தங்கள் திட்ட அறிக்கையில் எழுத வேண்டும்.

இங்கே செயற்கைக்கோளின் குறை ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வெள்ளம் ஓடும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் கேரளக் கரையை மேகம் மூடியிருக்கும். நிறம் பார்க்கும் கருவிக்கு மேகத்துக்கு அடியில் எதுவும் தெரியாது. மிக முக்கியமான மாதங்களில் அது பெரும்பாலும் குருடு. நுண்ணலைக் கருவிகள் மேகத்தைத் துளைத்து வெப்பத்தை அளக்கும், ஆனால் பத்துக்கணக்கான கி.மீ. அகலப் புள்ளிகளில், கழிமுகம் அதில் அகப்படாது. நம் ரிசாட், ஐரோப்பாவின் சென்டினல்–1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் மழையிலும் இரவிலும் கரைக்கோட்டையும் வெள்ளப் பரப்பையும் பிடிக்கும், பச்சையத்தைப் பிடிக்காது. நிறக் கருவியும் கலங்கிய நீரில் மேற்புறம் சில மீட்டர் ஆழத்துக்கு மேல் அறியாது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்து மீன் திணறுவது அதற்குத் தெரியப்போவதில்லை.

இந்தக் குறைகளைப் பிடித்துக்கொண்டு எழுவதே கடைசி வாதம்: மேலேயிருந்து எடுத்த வண்ணப் படத்தை நம்பி எங்கள் வயலைக் காயப்போட வேண்டுமா? கேள்வி கோபமாக வந்தாலும் அதில் அறிவியல் இருக்கிறது. கடலின் மேல் செயற்கைக்கோளுக்கு வந்து சேரும் ஒளியில் நீரிலிருந்து வருவது பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. மீதி காற்றுமண்டலம் சிதறடித்தது; அதைக் கணக்குப் போட்டு நீக்க வேண்டும். நடுக்கடலுக்கு எழுதிய பச்சையச் சூத்திரத்தைக் கழிமுகத்தில் அப்படியே போட்டால் சேற்றையும் இலைச்சாற்றையும் பாசி என்று எண்ணிவிடும். நடுக்கடல் நீரும் கரையோர நீரும் ஒளிக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்பதைப் பிரித்துக் காட்டிய 1981-ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதிய இருவரில் ஒருவர் ஷுபா சத்யேந்திரநாத் என்ற இந்தியப் பெண் விஞ்ஞானி. பல பத்தாண்டுகள் கழித்து அவரும் சேர்ந்து நடத்திய திட்டம் ஒன்று வேம்பநாட்டுக் காயலுக்கே வந்தது. முப்பரிமாண அச்சில் செய்த சிறிய வட்டத் தகடுகளைக் காயலோர மக்கள் கையில் கொடுத்தார்கள். தகட்டை நீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகிறது, நீர் என்ன நிறம் என்று அவர்கள் பார்த்துச் செல்பேசியில் பதிவார்கள். அந்த அளவுகளைக் கொண்டு வானத்துக் கருவியின் கணிப்பைச் சரிபார்த்தார்கள். வண்ணப் படம் நம்பகமாவது இப்படித்தான்; தண்ணீரில் நிற்பவரின் சாட்சியோடு சேரும்போது.

பச்சையாகத் தெரிந்தால் கடல் செழிப்பாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதும் இதே தவறின் மறுபக்கம். நைல் கழிமுகக் கடலில் மீன்பிடிப்பு 1980-களில் மறுபடி ஏறியது. வயல் உரமும் நகரத்துக் கழிவுநீரும் போய்ச் சேர்ந்ததே அதற்கு முக்கியக் காரணம் என்று பின்னர் எழுதினார்கள். எண்ணிக்கை திரும்பியது, ஆறு திரும்பவில்லை. ஐதராபாத்தில் 1999-இல் தொடங்கிய இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், நிறமும் வெப்பமும் சட்டென்று மாறும் எல்லைகளைப் பார்த்து மீன் கூடக்கூடிய இடத்தை மலையாளத்திலும் தமிழிலும் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. மீனைப் பார்த்து அல்ல, மீன் இரை தேடி வரும் விளிம்பைப் பார்த்து. இந்த வரம்பை அறிந்து பயன்படுத்தும் கடலோடி டீசலை மிச்சப்படுத்துகிறார். நாமும் வரம்பை அறிந்தே பயன்படுத்தினால் போதும்.

இத்தனைக்கும் பிறகு, கடலோரத்தார் பாடு கடலோரத்தாருக்கு, எங்கள் பாடு எங்களுக்கு என்று யாராவது சொன்னால், பெருமாட்டிக்காரர்கள் அப்படிச் சொல்லும் உரிமையை 2003-லேயே விட்டுவிட்டார்கள் என்பேன். அந்த ஆண்டு பிளாச்சிமடைக் கொக்ககோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த பெருமாட்டிப் பஞ்சாயத்து, உயர்நீதிமன்றத்தில் நின்று வாதாடியது என்ன? உன் நிலத்துக்கு அடியில் இருப்பதாலேயே தண்ணீர் உன்னுடையதாகிவிடாது, அது எல்லாருக்கும் பொதுவானது, நீ உறிஞ்சினால் பக்கத்துக் கிணறு வற்றும் என்பதுதான். 2003 டிசம்பர் 16 தீர்ப்பில் தனி நீதிபதி அதை ஏற்று, நிலத்தடி நீர் மக்களுக்காக அரசு காக்க வேண்டிய பொதுச்சொத்து என்றார். மேல்முறையீட்டில் 2005-இல் அமர்வு வேறு விதமாகச் சொன்னது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை திரும்ப ஓடவில்லை. அந்தத் தனி நீதிபதி நின்ற தளம், உச்ச நீதிமன்றம் 1996-இல் கமல்நாத் வழக்கில் எடுத்துச்சொன்ன பொது நம்பிக்கைக் கோட்பாடு. கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு எல்லாம் அதில் அடக்கம். ஆலைக்கு எதிராகப் போராடிய மயிலம்மாவும் பிளாச்சிமடைப் பெண்களும் பந்தலில் உட்கார்ந்து ஊன்றிய நியாயம் கீழ்நிலத்துக்காரருக்கும் பொருந்தும். நமக்குக் கீழே திருத்தாலை இருக்கிறது. அதற்கும் கீழே பொன்னானி, அதற்கும் அப்பால் வலை வீசுகிறவர்கள்.

விவசாயி தண்ணீரை விட்டுக்கொடுத்துவிட்டுப் பட்டினி கிடக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. 2012-இன் தேசிய நீர்க்கொள்கையே ஆற்றின் ஓட்டத்தில் ஒரு பகுதியை ஆற்றின் உயிருக்காக ஒதுக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு என்பதை அளந்தே முடிவு செய்ய வேண்டும். இன்று பரம்பிக்குளம்–ஆழியாறு கணக்கு மணக்கடவோடு நின்றுவிடுகிறது. அங்கே எத்தனை கனஅடி வந்தது என்று இரு மாநிலப் பொறியாளர்களும் எழுதிக்கொள்கிறார்கள், 200 கி.மீ. நீள ஆற்றின் மறுமுனையில் என்ன ஆனது என்பதற்கு அந்தப் பதிவேட்டில் பத்தி இல்லை. அதைச் சேர்ப்பது பெரிய செலவும் இல்லை. ஓசன்சாட் படங்களும் சென்டினல் படங்களும் பொதுவில் கிடைக்கின்றன. அக்டோபரில் மேகம் விலகியதும் பொன்னானிக் கடலில் ஆற்றுக் கலங்கல் எவ்வளவு தூரம் விரிந்தது, பச்சையம் எங்கே நின்றது, மணல்திட்டு வளர்ந்ததா தேய்ந்ததா என்று ஒரு தொலையுணர்வு மாணவர் மாதந்தோறும் வரைந்துவிட முடியும். மேகம் மூடிய மாதங்களுக்கு, 2012-இல் திறந்த சம்ரவட்டம் ரெகுலேட்டருக்குக் கீழே இரண்டு மூன்று இடங்களில் உப்பளவி வைத்து, பொன்னானி மீனவர்களையே அளக்கச் சொல்லி, கிழக்குக் கரையில் செய்ததைப் போல ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரு குப்பி நீர் வாங்கிக்கொள்ளலாம். இரு மாநிலக் கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியம் கூடும்போது மணக்கடவின் எண்ணுக்குப் பக்கத்தில் பொன்னானியின் உப்பும் படமும் மேசையில் இருக்கட்டும். அந்தக் கோரிக்கையை முதலில் எழுப்பிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டியது பெருமாட்டிப் பஞ்சாயத்து.